கேனான் ஜி10, நிக்கான் இசட்8: நடுவில் 15 வருஷம்

கல்யாண வீடுகளில் கொஞ்ச நாளாக ஒன்று கவனிக்கிறேன். மணப்பெண்ணின் தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து வந்தால், ஒருத்தி கையில் பழைய டிஜிட்டல் கேமரா இருக்கும். அப்பாவின் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்ததை எடுத்து வந்திருப்பாள், இல்லையென்றால் ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருப்பாள். ஃபிளாஷைப் போட்டுப் பளிச் பளிச்சென்று எடுத்துத் தள்ளுவார்கள். அதன் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கிய கேமரா பாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். "அண்ணா, இது சிசிடி கேமரா. கலர் வேற மாதிரி வரும்" என்று எனக்கே பாடம் நடக்கும். சிசிடி என்பது பழைய டிஜிட்டல் கேமராக்களில் இருந்த சென்சார் வகை.

எனக்கு அதில் கோபமெல்லாம் இல்லை. அந்த வகையறாவில் என்னிடமும் ஒன்று இருக்கிறது: கேனான் பவர்ஷாட் ஜி10. 2008இல் வந்த மாடல். தொழிலுக்கு வைத்திருப்பது 2023இல் வந்த நிக்கான் இசட்8. கும்பகோணத்தில் சின்ன ஸ்டூடியோ, முகூர்த்த நாட்களில் கல்யாணம், மற்ற நாட்களில் பட்டறை, வயல், திருவிழா என்று சொந்த ஆசைக்கு எடுப்பது. இரண்டு கேமராவும் ஒரே பையில்தான் கிடக்கின்றன. எது எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும் என்று எழுதச் சொல்லிச் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் அளவு. ஜி10இன் சென்சார், அதாவது வெளிச்சம் விழுந்து படமாகும் சில்லு, 7.6க்கு 5.7 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இசட்8இல் இருப்பது ஃபுல் ஃபிரேம், 36க்கு 24 மி.மீ. பரப்பில் பார்த்தால் இருபது மடங்கு. இந்த இருபதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஒரே அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு, எஃப் எண்ணால் சொல்வது), ஒரே ஷட்டர் வேகம் என்றால் பெரிய சென்சாருக்கு இருபது மடங்கு வெளிச்சம் போகிறது. அதனால் ஜி10 தன் மிகக் குறைந்த ஐஎஸ்ஓவான (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) 80இல் எடுக்கும் படத்தில் என்ன கிரெயின்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான சொரசொரப்பு, தெரியுமோ, கிட்டத்தட்ட அதுதான் ஃபுல் ஃபிரேமில் 1600இல் தெரியும். நடுவில் வந்த 15 வருஷ முன்னேற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே இது. இசட்8 தொடங்குவதே 64இல். 25600 வரை போகும். ஜி10 1600இல் நின்றுவிடும். உண்மையைச் சொன்னால் 400லேயே அது மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

அதே இருபது, வேறொரு பக்கம் ஜி10க்கு லாபமாகத் திரும்புகிறது. அதை நான் புரிந்துகொண்டது நாச்சியார்கோயிலில்.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிற ஊர். குத்துவிளக்குக்குப் பேர்போனது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. விளக்கை அடிப்பாகம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தட்டு, உச்சி என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் போட்டு, மரை வைத்துத் திருகிச் சேர்ப்பார்கள். வார்ப்புக்குக் காவிரி வண்டல். எனக்குப் பிடித்தது கடைசல் போடும் இடம். பித்தளைத் தண்டு சுழலும்போது உளி பட்ட இடத்திலிருந்து மெல்லிய சுருள் கிளம்பி, கொஞ்சம் தூரம் வந்து, ஒடிந்து விழும். கீழே குவியலாகக் கிடக்கும். ஒவ்வொரு சுருளின் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும், உள்பக்கம் மங்கலாகச் சொரசொரவென்று இருக்கும்.

அந்தக் குவியலைப் பெரிதாக முன்னால் வைத்து, பின்னால் விளக்கு செய்யும் பத்தரின் கையும் முகமும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. இசட்8இல் 24-70 எஃப் 2.8 லென்ஸ் போட்டிருந்தேன். அது 38 சென்டிமீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. எட்டத்திலிருந்து எடுத்தால் சுருள் சின்னதாகிவிடுகிறது. கிட்டே போகிற அளவு போய் எடுத்தால் பத்தர் கரைந்துபோகிறார். திறப்பைச் சுருக்கி எஃப் 16 வைத்தால் அவர் ஓரளவு திரும்பி வருவார், ஆனால் பட்டறைக்குள் அவ்வளவு வெளிச்சம் ஏது?

ஜி10 வைட் முனையில் 1 சென்டிமீட்டர் வரை போகும். லென்ஸ் சுருளை முட்டுகிற அளவுக்குக் கிட்டே வைக்கலாம். எஃப் 2.8இல் எடுத்தாலும் ஃபுல் ஃபிரேமில் எஃப் 13 வைத்த மாதிரிதான் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம், கிடைக்கும். முன்னால் பித்தளைச் சுருள் மலை மாதிரி நிற்க, பின்னால் அவர் உளியைப் பிடித்திருக்கிற விரல் வரைக்கும் அடையாளம் தெரிகிறது. முகம் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஆனால் ஆள் யாரென்று தெரியும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இப்போது எல்லோரும் பேக்ரவுண்டை அவுட் பண்ணித் தருவதுதான் நல்ல கேமரா என்று நினைக்கிறார்கள். பட்டறையில் பேக்ரவுண்டுதான் விஷயமே.

இன்னொன்றும் அங்கே நடந்தது. இசட்8ஐத் தூக்கியதும் பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த டிவி தம்பி?" என்றார். உளியைக் கீழே வைத்துவிட்டார். இல்லை ஐயா, சும்மா எடுக்கிறேன் என்று சொல்லியும் பயனில்லை. ஜி10ஐ எடுத்தபோது அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். பாடியும் லென்ஸுமாக இசட்8 கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் கிலோ. ஜி10 பேட்டரியோடு சேர்ந்து நானூறு கிராம் வராது. அந்த வித்தியாசம் என் தோளுக்கு மட்டும் இல்லை, எதிரில் இருப்பவருக்கும் தெரிகிறது.

ஃபிளாஷ் விஷயத்தில் ஜி10 தொழில் கேமராவை ஓரங்கட்டும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இசட்8இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சென்சாரை வரிசை வரிசையாக மேலிருந்து கீழே படிப்பதுதான் ஷட்டர் வேலை. அதனால் ஃபிளாஷ் முழு பவரில் ஒத்துப்போவது 1/200 வினாடி வரைதான். அதற்கு மேல் போக வழி உண்டு, ஹை ஸ்பீட் சிங்க். ஆனால் ஃபிளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் விட்டுவிட்டுத் துடிக்கும், பவர் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஜி10இல் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அது திறந்தால் மொத்த சென்சாருக்கும் ஒரே நேரத்தில் வெளிச்சம். கேமரா தலையில் இருக்கும் ஹாட் ஷூவில் தனி ஃபிளாஷை இயக்கும் ஒரு மலிவு டிரிகரை மாட்டி, மேனுவலில் 1/1000 வைத்து, உச்சி வெயிலில் மாப்பிள்ளையை நிற்க வைத்து எடுத்துப் பாருங்கள். வானம் கருநீலமாக இறங்கும், முகத்தில் ஃபிளாஷ் நிற்கும். சின்ன ஃபிளாஷே போதும். 2023 கடைசியில் அறிவித்த சோனி ஏ9 மூன்றாம் மாடலில் முழு சென்சாரையும் ஒரே சமயத்தில் படிக்கும் குளோபல் ஷட்டர் வைத்தார்கள், 1/80000 வரை ஃபிளாஷ் ஒத்துப்போகிறது. அது என் பட்ஜெட் இல்லை.

இசட்8 வரிசை வரிசையாகப் படிப்பதால்தான் எல்இடி தொல்லையும். மண்டபங்களில் இப்போது மேடைக்குப் பின்னால் பூ அலங்காரத்துக்குப் பதில் எல்இடி சுவர். இசட்8இல் ஷட்டரைக் கவனிக்காமல் விட்டால் சுவர் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். ஷட்டர் வேகத்தைப் பொடிப்பொடியாக ஏற்றி இறக்கி அதைத் தவிர்க்க மெனுவில் வசதி கொடுத்திருக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. ஜி10இல் பட்டை விழாது. ஆனால் லைட் ஃபிரேமுக்குள் வந்தால் கேமரா திரையில் ஊதா நிறத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்கும். படத்தில் வராது, வீடியோவில் வரும். அதன் வீடியோவே 640க்கு 480தான் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, கலருக்கு வருவோம். சிசிடி கலர், சிசிடி கலர் என்று சொல்கிறார்களே, அதில் பாதிக்கு மேல் கதை. சிசிடியும், இப்போதைய கேமராக்களில் இருக்கும் சிமோஸும் இரண்டுமே சிலிக்கான்தான். இரண்டும் வந்து விழுந்த வெளிச்சத்தை எண்ணுகின்றன, அவ்வளவுதான். சிவப்பு, பச்சை, நீலத்தைப் பிரிப்பது மேலே ஒட்டியிருக்கும் ஃபில்டர். அதை எப்படிக் கலந்து ஜேபெக் ஆக்குவது என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் பிராசஸர். வாசலில் வைத்த ஒரே சாமந்தி மாலையை ஒரே வெயிலில் இரண்டிலும் ராவாக (ஜேபெக் ஆக்காத மூலப் பதிவாக) எடுத்து, ஒரே சாஃப்ட்வேரில் ஒயிட் பேலன்ஸைச் சமன்செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஸ்லைடரைக் கொஞ்சம் நகர்த்தினால் போய்விடுகிறது. எங்கள் ஆல்பம் டிசைனரிடம் காட்டினேன். கேமராவின் பெயரைப் பார்க்காமல் அவர் சொன்னது ஒரு தடவை சரி, ஒரு தடவை தப்பு.

அந்தப் பெண்கள் ரசிக்கிற அந்தத் தோற்றம் எங்கிருந்து வருகிறது? லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குட்டி ஃபிளாஷ் நேராக முகத்தில் அடிக்கிறது, பின்னால் இருட்டிவிடுகிறது. சின்ன சென்சார் என்பதால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் சேர்ந்தே ஷார்ப்பாக இருக்கிறார்கள். அந்தக் கால ஜேபெக்கில் கான்ட்ராஸ்ட்டும் சிவப்பும் தூக்கல். வெள்ளை சீக்கிரம் வெடித்துவிடும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அது. சிசிடி என்ற மூன்றெழுத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அதே காலத்து சிமோஸ் காம்பாக்ட்டில் ஃபிளாஷ் போட்டு எடுத்தாலும் அப்படித்தான் வரும்.

பிரின்ட்டில்? ஜி10 படம் 4416க்கு 3312 புள்ளி. கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம் என்று வைத்தால் அங்குலத்துக்கு 245 புள்ளி கிடைக்கிறது. தாராளமாகப் போதும். 2008லேயே மைக்கேல் ரைக்மன் என்ற கனடா புகைப்படக்காரர் இந்த ஜி10ஐயும், 39 மெகாபிக்சல் டிஜிட்டல் பேக் (பின்னால் மாட்டும் பெரிய சென்சார்) மாட்டிய ஹாசல்பிளாட் தொழில் கேமராவையும் வைத்து ஒரே காட்சியை எடுத்து, 13க்கு 19 அங்குல அளவில் அச்சிட்டு விவரம் தெரிந்தவர்களிடம் காட்டினார். எது எதுவென்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரிய கலவரமே ஆனது அப்போது. நல்ல வெளிச்சம், குறைந்த ஐஎஸ்ஓ, அடக்கமான பிரின்ட் சைஸ் என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டுமே அப்படி. அடுத்த ஆண்டே ஜி11 வந்தபோது கேனானே மெகாபிக்சலை 10ஆகக் குறைத்துவிட்டது, இருட்டில் சமாளிப்பதற்காக.

அந்த இருட்டுதான் எங்கள் பிழைப்பு. விடிகாலை நாலரை, ஐந்தரை முகூர்த்தம் என்றால் மண்டபத்தில் இருப்பது டெக்கரேஷன் லைட்டும் ஹோமப் புகையும்தான். கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டுவார். நாதஸ்வரம் ஏறும். மாப்பிள்ளை இரண்டு கையையும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோவார், நாத்தனார் குனிவார், நாலு பக்கமும் அட்சதை பறக்கும், பெரியப்பா ஒருவர் செல்போனோடு நேரே குறுக்கே வருவார். மொத்தமே சில வினாடிகள். திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

இங்கே ஜி10ஐ எடுத்தால் ஃபோகஸுக்கு விளக்கடித்து, யோசித்து, முன்னும் பின்னும் போய், கிளிக் ஆவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும். வினாடிக்கு ஒன்றரைப் படம்கூட எடுக்காது. வ்யூஃபைண்டரில் பார்த்து எடுக்கலாம் என்றால் அது காட்டுவது படத்தில் முக்கால் பங்குதான். இசட்8 6400இல், புகைக்கு நடுவிலும், பெண்ணின் கண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பெரியப்பா குறுக்கே போய் விலகியதும் திரும்ப அதே கண். வினாடிக்கு 20 ரா படம், துளி சத்தமில்லை. பழைய டிஎஸ்எல்ஆர் காலத்தில் மந்திரத்துக்கு நடுவே எங்கள் படபட சத்தத்துக்கு ஐயர் முறைத்துப் பார்ப்பார், இப்போது அதுவும் இல்லை. தாலி கட்டும் படம் வருமா வராதா என்ற பயம் போனது எனக்கு இந்த ஒரு விஷயத்தால்தான். காசு கொடுத்தது அதற்குத்தான், 45 மெகாபிக்சலுக்கு இல்லை. அந்த 45ஆல் வந்த பலன், கல்யாணம் முடிந்து ராத்திரி முழுக்க ஒரே மாதிரி படங்களை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

அதனால் என் ஏற்பாடு இப்படி. முகூர்த்தம், ரிசப்ஷன், பெண் அழைப்பு எல்லாம் இசட்8. பகலில் சமையல்கட்டு, பந்தி, கோலம் போடுகிறவர்கள், பூ கட்டுகிற அம்மாக்கள், மண்டப வாசலில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் என்றால் ஜி10. ஆல்பத்தில் இரண்டையும் கலந்துதான் வைக்கிறேன். இதுவரை எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

பழையது வாங்க நினைப்பவர்களுக்கு. ஜூமை முழுக்க நீட்டி மடக்கிப் பாருங்கள். "லென்ஸ் எரர்" என்று வந்தால் தொடவே தொடாதீர்கள், ரிப்பேர் செலவில் இன்னொன்று வாங்கலாம். 2005க்கு முந்தைய சில மாடல்களில் சிசிடியே கெட்டுப்போய்ப் படம் ஊதாவாக இழுபட்டு வரும், பல கம்பெனிகளுக்கும் அப்போது அந்தத் தலைவலி இருந்தது. வெயிலில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கார்டும் பார்க்க வேண்டும். ஜி10 32 ஜிபி எஸ்டிஹெச்சி கார்டு வரை எடுத்துக்கொள்ளும், அதற்கும் பழையவை பலதில் 2 ஜிபிக்கு மேல் போட்டால் படிக்காது, அந்த கார்டு இப்போது கடையில் கிடைப்பது கஷ்டம். ஜி10க்கு என்பி-7எல் பேட்டரி. வேறு கம்பெனி பேட்டரி கிடைக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் தீரும். சார்ஜர் இல்லை என்று விற்பவர் சொன்னால் அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.