ஐம்பது கோடி டாலர் நுழைவுச்சீட்டு

இங்கிலாந்துல ஒரு கால்பந்து கிளப் மேல வரணும்னா கீழ்ப் பிரிவுல வருஷக்கணக்கா முட்டி மோதணும். அமெரிக்காவோட பெரிய கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ்.ல அந்த வேலையே இல்லை. காசைக் கட்டு, உள்ள வா. கீழே இறக்கிவிடுவாங்கன்ற பயமும் கிடையாது.

2007-ல டொராண்டோ சேர்ந்தப்போ கட்டணம் 1 கோடி டாலர். 2025-ல 30-வது அணியா வந்த சான் டியாகோ கட்டினது 50 கோடி! (நம்ம ஊர் வீட்டு மனை விலைகூட இப்படி ஏறலை.) முதலாளி எகிப்தில் பிறந்த முகமது மன்சூர். கூடவே பங்குதாரரா அந்த மண்ணின் பூர்வகுடியான சிக்குவான் மக்கள். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

சரி, ஆளுக்கு எங்கே போறது? மத்த அணிகள் முக்கியமான ஆட்களைப் பொத்தி வச்சுக்கும். மிச்சத்துல இருந்து அஞ்சு பேர் வரை எடுத்துக்கலாம். அடுத்த வீட்டுப் பழைய சாமானை வச்சுக் குடித்தனம் தொடங்குற மாதிரி. மத்ததுக்கு வெளிச்சந்தைதான். மெக்சிகோ வீரர் லொசானோவை அப்படித்தான் பிடிச்சாங்க.

முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி அணியோட, அவங்க மைதானத்துலயே. 2-0 ஜெயிச்சாங்க. ரெண்டு கோலும் டென்மார்க்காரர் டிரையர். அப்புறம் லீக்கோட மேற்குப் பிரிவுல முதலிடம் வேற. கடைசியில மேற்குப் பிரிவு இறுதி ஆட்டத்துல வான்கூவர் அணிகிட்ட சொந்த ஊர்ல 3-1 தோல்வி.

இறங்கி வர வழியில்லாத லீக் எனக்கு இன்னும் ஒப்பலை. ஆனா அந்த முதல் சீசனை உட்கார்ந்து பார்த்தேன், மறைக்கலை.