துருவக் கடல் ஏரோசல்: சல்பேற்றுக் கணக்கில் புள்ளி போகும் இடங்கள்

திருகோணமலையில் வளிமண்டல இரசாயனம் படிக்கிற தம்பி தங்கச்சிமாரே, துருவக் கடல் ஏரோசல் (காற்றில் மிதக்கும் நுண்துகள்கள்) பகுதியில் முதலில் கைவசப்படுத்த வேண்டியது ஒரு கணக்கு: கடலுப்பிலிருந்து வராத சல்பேற்று எவ்வளவு?

சூத்திரம் சின்னது. காற்றை இழுத்துத் துகள்களைப் பிடித்த வடிதாளில் அளந்த சல்பேற்றிலிருந்து, சோடியத்தின் 0.252 மடங்கைக் கழிக்க வேண்டும். எண்ணைப் பாடமாக்கத் தேவையில்லை. ஒரு கிலோ கடல்நீரில் சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம், சல்பேற்று 2.71 கிராம், வகுத்தால் வந்துவிடும். இது திணிவு விகிதம். தரவு நானோமூலில் இருந்தால் சோடியத்தை 23 ஆலும் சல்பேற்றை 96 ஆலும் பெருக்கிய பிறகே கழியுங்கள்.

குளிர்காலத் தரவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கன மீற்றர் காற்றில் சோடியம் 1000, சல்பேற்று 180 நானோகிராம் என்று வைப்போம். 252ஐக் கழித்தால் மறை 72. அதை வெட்டிவிட்டு 0 என்று எழுதாதீர்கள். கேள்வியின் உயிரே அங்கேதான். உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். கடல்நீர் வற்ற வற்ற ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று) முந்திப் படியும், கறியுப்பு பிறகுதான். கடற்பனியிலும் மிஞ்சும் உவர்நீர் இப்படியே செறிவாகும்; ஆனால் அங்கே குளிர், மறை 6.4 பாகை செல்சியசளவில் மிராபிலைற்று படியத் தொடங்கும். அது நீரேறிய சோடியம் சல்பேற்று. ஒரு சல்பேற்றோடு இரண்டு சோடியம் போனாலும், கடல்நீரில் சோடியம் அவ்வளவு மிகுதி என்பதால், மிஞ்சிய உவர்நீரிலும் அதிலிருந்து காற்றில் கிளம்பும் உப்புத் துகளிலும் சல்பேற்று-சோடிய விகிதம் சரிந்துவிடும். அந்தாட்டிக்கக் குளிர்காலத்துக்கு 0.07 எடுப்பது வழக்கம். இப்போது 180இலிருந்து 70 போக 110. எந்த விகிதத்தை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

சல்பேற்றின் மூலத்தைக் கேட்டால், தாவரப் பிளாங்டன் (கடலில் மிதக்கும் நுண்பாசிகள்) வழி வரும் டைமெதைல் சல்பைட்டிலிருந்து தொடங்குங்கள். காற்றிலுள்ள ஐதரொட்சில் மூலிகம் (OH) அதிலிருந்து ஐதரசனைப் பிடுங்கினால் பெரும்பாலும் கந்தகவீரொட்சைட்டு, பிறகு சல்பூரிக்கமிலம். அதே மூலிகம் அதன் கந்தக அணுவோடு சேர்ந்தால் மெதேன்சல்போனிக்கமிலப் பக்கம் திரும்பும். குளிர் இந்த இரண்டாம் வழிக்கே சாதகம். சல்பேற்று எரிமலையிலிருந்தும் நிலக்கரிப் புகையிலிருந்தும் வரும். மெதேன்சல்போனிக்கமிலம் கடலுயிரின் நம்பகமான அடையாளம். ஆட்டிக்கில் வசந்தகாலச் சல்பேற்று பெரிதும் வட அரைக்கோள நாடுகளின் தொழிற்சாலைப் புகை, ஆகவே இரு துருவங்களுக்கும் ஒரே விடை எழுத முடியாது.

பிளாங்டன், முகில், வெப்பநிலை மூன்றையும் ஒரே வளையமாக இணைத்த 1987 கருதுகோளை நிறுவப்பட்ட உண்மைபோல எழுதுவது தவறு. கடலுப்பும் முகிற் கருவாகும் (முகில் துளி உருவாகும் துகளாகும்) என்பதையும் சேருங்கள்.

குளிர்கால வடிதாளில் மெதேன்சல்போனிக்கமிலம் மிகக் குறைவென்றால், மேலே வந்த 110ஐப் பிளாங்டன் தலையில் கட்டாதீர்கள். எடுத்த விகிதத்தை முதலில் திரும்பப் பாருங்கள்.