நிலைக்காந்த மோட்டாரில் இரும்பு இழப்பு: கணக்கும் அளவீடும்

3 மார்ச் 2025, திங்கள்

இரும்பு இழப்பு என்பது, காந்தப் புலம் திசை மாறிக்கொண்டே இருப்பதால் மோட்டாரின் இரும்பில் வெப்பமாக வீணாகும் ஆற்றல். மோட்டார் 8 துருவம், 12 ஸ்லாட் (கம்பி சுற்றும் பள்ளம்), 3000 ஆர்பிஎம். 4 துருவ ஜோடி, நொடிக்கு 50 சுற்று. ஆக ஸ்டேட்டர் (சுழலாத பகுதி) இரும்புக்கு 200 ஹெர்ட்ஸ். ஸ்டாம்பிங், அதாவது பஞ்ச் வெட்டி அடுக்கிய தகடு, எம்270-35ஏ. பெயரிலேயே விவரம் உண்டு: 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் கிலோவுக்கு அதிகபட்சம் 2.70 வாட், தடிமன் 0.35 மி.மீ.

அதிர்வெண் 4 மடங்குதானே என்று 10.8 வாட் எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. தயக்க இழப்பு (இரும்பு காந்தத் திசை மாறத் தயங்குவதால் வருவது) அதிர்வெண்ணோடு நேராக ஏறும். சுழல் மின்னோட்ட இழப்போ (தகட்டுக்குள் தூண்டப்படும் மின்னோட்டத்தால் வருவது) அதன் வர்க்கமாக ஏறும். தகட்டின் மின்தடை எண் 0.5 மைக்ரோ ஓம் மீட்டர் என்று வைத்தால், சுழல் மின்னோட்டப் பங்கு 50 ஹெர்ட்ஸில் 0.3 வாட், 200 ஹெர்ட்ஸில் 4.7 வாட். மீதி 2.4-ஐ 4 மடங்காக்கினால் 9.6. மொத்தம் கிலோவுக்கு 14.3 வாட். 0.5 மி.மீ. தகடாக இருந்தால் அந்த 4.7 இரட்டிப்பாகியிருக்கும்.

4 மார்ச், செவ்வாய்

தகடு விற்பவரிடம் 50, 100, 200, 400 ஹெர்ட்ஸ் வளைவுகளைக் கேட்டு வாங்குவது நல்லது. ஒரே டெஸ்லாவில் இழப்பை அதிர்வெண்ணால் வகுத்து வரைந்தால், கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் தயக்கப் பங்கு, சரிவு சுழல் மின்னோட்டப் பங்கு. கோடு தொடக்கத்தில் வளைந்தால் மிகை இழப்பு (இந்த இரண்டிலும் சேராதது) உள்ளே இருக்கிறது.

6 மார்ச், வியாழன்

பற்கள் (ஸ்லாட்டுகளுக்கு இடையிலுள்ள இரும்பு) 1 கிலோ, 1.5 டெஸ்லா. யோக் (பற்களை இணைக்கும் வெளி வளையம்) 1 கிலோ, 1.2 டெஸ்லா, வர்க்க விகிதத்தில் 9.2 வாட். கூட்டினால் 23.5.

பல்லின் டெஸ்லாவை ஊகிக்க வேண்டாம். பல்லைச் சுற்றி மெல்லிய கம்பியில் ஒரே ஒரு சுற்று போட்டு, அதில் வரும் மின்னழுத்தத்தை ஆசிலோஸ்கோப்பில் நேரப்படி தொகையிட்டால் பாயம் (பல் வழியே போகும் மொத்தக் காந்தப் புலம்) கிடைக்கும்; அதைப் பரப்பால் வகுத்தால் டெஸ்லா. பரப்பு 8 × 50 மி.மீ.; அடுக்குக் காரணி (அடுக்கில் உண்மையான இரும்பின் பங்கு) 0.96-ஐ மறந்தால் இழப்பு 8 சதவீதம் குறைவாக வரும்.

அலைவடிவத்தையும் பார்க்க வேண்டும். பல்லில் பாயம் சைன் அலையாக ஏறுவதில்லை; காந்தத்தின் விளிம்பு கடக்கும்போது சட்டென்று புரளும். மின் அலையின் அரைச்சுழற்சியில் 40 சதவீத நேரத்துக்குள் புரண்டு முடிந்தால், சுழல் மின்னோட்ட இழப்பு சைன் கணக்கைவிட 2 மடங்கு. பற்களுக்கு இன்னும் 4.7 வாட் சேர்த்தால் மொத்தம் 28.

11 மார்ச், செவ்வாய்

28 வாட் என்றால் 3000 ஆர்பிஎம்மில் 0.09 நியூட்டன் மீட்டர்தான். முழு அளவில் 0.2 சதவீதப் பிழையுள்ள 50 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) சென்சாரின் பிழையே 0.1. அதை வைத்து இதை அளக்கவே முடியாது. 1 அல்லது 2 நியூட்டன் மீட்டர் சென்சார் வேண்டும்.

இந்த மோட்டாரை வேறொரு மோட்டாரால் சுழற்ற வேண்டும், டெர்மினல்கள் திறந்தே இருக்கட்டும். பிறகு அதே பேரிங்கில், காந்தமேற்றாத காந்தங்கள் ஒட்டிய டம்மி ரோட்டரைப் (ரோட்டர் என்பது சுழலும் பகுதி) போட்டு மறுபடி சுழற்றி, உராய்வைக் கழிக்க வேண்டும். பேரிங் சூடு நிலைப்படும்வரை எழுதும் எண்களுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் கிரீஸ் இளகும்போது உராய்வு இறங்கிக்கொண்டே போகும்.

13 மார்ச், வியாழன்

கழித்து வந்தது கணக்கைவிட ஒன்றரை மடங்கு இருந்தால் வியப்பதற்கில்லை. பஞ்ச் வெட்டிய விளிம்பில் தகட்டின் காந்தக் குணம் கெடுகிறது; 8 மி.மீ. அகலப் பல்லில் இரு பக்கமும் விளிம்புதான். அலுமினிய ஹவுசிங்கில் இறுக்கிப் பொருத்தும்போது யோக் நசுங்கி இழப்பு கூடும். ஹவுசிங் இல்லாமல் ஒருமுறை அளந்தால் இந்தப் பங்கு தனியாகத் தெரியும்.

இரும்புக்குச் சேராததும் அந்த எண்ணில் கலந்திருக்கும்: காந்தத்துக்குள் ஓடும் சுழல் மின்னோட்டம், ஸ்லாட் வாயருகே உள்ள செம்புக் கம்பிகளில் ஏற்படும் இழப்பு. வைண்டிங் டெல்டா (மூன்று சுருள்களை முக்கோணமாக இணைத்தது) என்றால் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட மின்னோட்டம்) உள்ளுக்குள்ளேயே சுற்றும். டெல்டாவைப் பிரித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

காந்தச் சூட்டையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். நியோடிமியம் காந்தம் 20-இலிருந்து 100 டிகிரிக்குப் போனால் பாயம் ஏறத்தாழ 9 சதவீதம் குறையும், இரும்பு இழப்பு 17 சதவீதம் இறங்கும். காலையில் குளிர்ந்த ரோட்டரில் எடுத்த எண்ணையும் மாலையில் சூடான ரோட்டரில் எடுத்ததையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது.