இன்சுலின் ஊசி: வாங்கும்போதே, போட்டு முடித்ததைச் சேர்க்கும் டப்பாவையும் யோசியுங்கள்

மருந்துச்சீட்டில் இன்சுலின் பெயரும் அளவும் தெளிவாக இருக்கும். ஊசி மட்டும் கடைசி வரியில் போகிற போக்கில் ‘1 பெட்டி’ என்று இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பென் (பேனா வடிவ இன்சுலின் கருவி) ஊசிப் பெட்டியில் பெரும்பாலும் 100 இருக்கும். 4 வேளை போடுபவருக்கு 25 நாளில் தீர்ந்துவிடும். மீதி நாள்களை முனை மழுங்கிய பழைய ஊசியை வைத்தே ஓட்டுகிறார்கள். எனவே சீட்டு எழுதும்போதே கணக்கைச் சொல்லிவிடுங்கள்: 30 நாளுக்கு 120, வளைந்ததற்கும் கீழே விழுந்ததற்கும் இன்னொரு 10. சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட்டையும் இப்படியே எண்ணிக்கையாக எழுதி வாங்க வேண்டும். நீளம் 4 மி.மீ. என்றால் பெரும்பாலான பெரியவர்களுக்குப் போதும். உடம்பு பெருத்தவருக்கு நீள ஊசி வேண்டும் என்பது பழைய நினைப்பு.

குப்பியிலிருந்து இழுத்துப் போடுபவர்கள் சிரிஞ்ச் மூடியின் நிறத்தைப் பார்க்காமல் கடையை விட்டு நகரக் கூடாது. வழக்கமாகச் சிவப்பு யு-40 (ஒரு மி.லி.யில் 40 யூனிட்), ஆரஞ்சு யு-100 (ஒரு மி.லி.யில் 100 யூனிட்). குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மாறிப்போய் யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில் இழுத்தால் அதே 20 கோட்டுக்கு 8 யூனிட்தான். ‘இதுவும் இன்சுலின் சிரிஞ்சுதான்’ என்று கடையில் சொன்னாலும் வாங்காதீர்கள்.

போட்டு முடித்த ஊசியைப் பென்னிலேயே விட்டுவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் வழியே மருந்து கசியும், காற்று புகும். அடுத்த முறை பட்டனை அழுத்தி 10 வரை எண்ணி எடுத்த பிறகும் முனையில் சொட்டிக்கொண்டே இருந்தால், உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். குமிழி முதலில் அமுங்கி, பிறகு மெதுவாக விரிந்து மருந்தைத் தள்ளுவதால், அளவில் ஒரு பகுதி தோலுக்கு வெளியே போய்விடுகிறது.

கழற்றும்போது பெரிய வெளி மூடியைச் செருகித் திருகி எடுங்கள். மெல்லிய உள் மூடியைத் திரும்ப மாட்டப்போய்த்தான் பலர் விரலில் குத்திக்கொள்கிறார்கள். சிரிஞ்சாக இருந்தால், போட்ட பிறகு மூடியைத் திரும்ப மாட்டவே வேண்டாம். கையிலிருந்து நேரே டப்பாவுக்குள் போக வேண்டும்.

தனியாக விற்கும் டப்பா கிடைக்காவிட்டால் சலவைத் திரவம் வரும் கெட்டியான, திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா சரியாக இருக்கும். வாய் அகலமாக, வெளி மூடியோடு ஊசி விழும்படி இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலை அமுக்கினால் ஊசி துளைத்து வந்துவிடும், கண்ணாடி உடையும். முதல் ஊசி விழுவதற்கு முன்பே ‘ஊசிகள், திறக்காதீர்கள்’ என்று ஒட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, மேலே டேப் சுற்றிவிடுங்கள். ‘இன்னும் இடம் இருக்கிறதே’ என்று குலுக்குவதும் அழுத்துவதும்தான் வினை.

டப்பாவை யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை ஊசி வாங்கும் அன்றே கேட்டு வையுங்கள்: மருந்துக்கடையா, மருத்துவமனையா, உள்ளாட்சியா? வீட்டு டப்பாவை ஏற்பார்களா, தாங்கள் கொடுக்கும் டப்பா மட்டும்தானா? நிரம்பிய பிறகு அலைந்தால் அது கடைசியில் குப்பைப் பைக்குள்தான் போகும். மறுசுழற்சிக் கூடையிலோ கழிப்பறையிலோ போடவே கூடாது. மறுசுழற்சிப் பொருளைப் பல இடங்களில் கையால்தான் பிரிக்கிறார்கள்.

யாருக்காவது பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; பிதுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், ஊசி யாருடையது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.