வடசேரிக் குழாய்த் தண்ணீர், திருவட்டார் கிணற்று நீர்: மீன்தொட்டிக்கு எந்த மருந்து வேணும்?

இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினால் கூடவே இரண்டு பாட்டிலும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஒன்று குளோரினை எடுக்கும் கண்டிஷனர், இன்னொன்று 'நல்ல பாக்டீரியா'. கடைக்காரர் கட்டாயம் ஊற்றணும் என்கிறார், ரொம்ப காலமாக மீன் வளர்ப்பவர்கள் தேவையே இல்லை என்கிறார்கள். அளந்தே பார்த்துவிடலாம் என்று டெஸ்ட் கிட் வாங்கி, நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டிலும் திருவட்டாரில் அக்கா வீட்டிலும் தொட்டி வைத்தேன். இதுவரை தெரிந்தது இது.

முதலில் குளோரின். நாகர்கோவிலுக்கு வெகுகாலமாகக் குடிநீர் தருவது முக்கடல் அணை. மலையிலிருந்து வரும், சுண்ணாம்புச் சத்து குறைந்த நல்ல மென்னீர்தான், ஆனால் குளோரின் கலந்தே குழாய்க்கு வரும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டும். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கும் ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் அதுவே எமன்.

காலையில் குழாய் திறந்ததும் பிடித்த தண்ணீரில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தை விட்டேன். நல்ல மஞ்சள். அதே தண்ணீரை வாளியில் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு மறுநாள் பார்த்தபோது நிறமே இல்லை. மொட்டைமாடி டேங்கில் ஒரு நாள் கிடந்த தண்ணீரில் லேசான மஞ்சள் மட்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் பிளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோதான், அதனால் காற்றோட்டத்தில் போய்விடுகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலக்கும் ஊர்களில் இந்த வாளி வைத்தியம் பலிக்காது.

ஒரு நாள் காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு சோடியம் தயோசல்பேட் போதும். மீன் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று கிடைக்கும் கல்கண்டுத் துண்டு மாதிரியான பொருள் பெரும்பாலும் இதுதான். ஒரு பங்கு குளோரினுக்கு ஏறக்குறைய ஏழு பங்கு படிகம் வேண்டும். 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 10 லிட்டர் வாளிக்கு 1 மில்லி தாராளம். கெமிக்கல் கடையில் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இதற்கு 'ஹைப்போ' என்றும் பெயர் உண்டு, சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் அப்படியே சொல்கிறார்கள். அது பிளீச், ஒரு மூடி போதும் தொட்டி காலியாக. முழுப் பெயரைச் சொல்லியே வாங்குங்கள்.

விலை கூடிய கண்டிஷனர்களில் கன உலோகங்களைக் கட்டிப்போடும் என்றும் போட்டிருக்கும். செம்புக் குழாய் உள்ள நாடுகளில் அதற்கு அர்த்தம் உண்டு. நம் வீடுகளில் ஓடுவது பி.வி.சி. குழாய். அந்தக் காசுக்கு இன்னொரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிவிடலாம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

அடுத்தது பாக்டீரியா. இதற்காக வீட்டில் ஒரே அளவில் மூன்று தொட்டி வைத்து, மீன் விடாமல் தினம் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டேன். ஒன்றில் கடையில் வாங்கிய பாக்டீரியா பவுடர், இரண்டாவதில் எதுவும் இல்லை, மூன்றாவதில் நண்பர் வீட்டுப் பழைய தொட்டி ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்கு.

பவுடர் போட்ட தொட்டி மறுநாளே கஞ்சித்தண்ணி போலக் கலங்கிவிட்டது. உறையைத் திருப்பிப் படித்தால் உள்ளே இருப்பது பேசில்லஸ் வகை. இறால் பண்ணைகளில் போடுகிறார்களே, அதே குடும்பம். கழிவைத் தின்னும், வித்தாக உறங்கிப் பவுடரில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆனால் நமக்கு முக்கியமாகத் தேவைப்படுவது, மீன் கழிவிலும் மிஞ்சிய தீவனத்திலும் உண்டாகும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் கூட்டம். அதற்கு நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்றவை வேண்டும். இவை வித்தாகாது, பெருகுவதும் மெதுவாக. நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு வேலையையும் தனியாகவே முடிக்கும் என்று 2015இல்தான் கண்டுபிடித்தார்கள்.

முதல் இரண்டு வாரம் பவுடர் தொட்டிக்கும் வெறும் தொட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சோதனைக் குழாயில் அம்மோனியா மஞ்சளிலிருந்து (அதாவது இல்லை) பச்சைக்கு (அதாவது இருக்கிறது) போய் அங்கேயே நின்றது. அப்புறம் பச்சை வெளிற ஆரம்பித்ததும், நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறியது. இரண்டும் அடங்க ஒரு மாதத்துக்கு மேலானது. ஸ்பாஞ்ச் அழுக்கு விட்ட தொட்டியிலோ அம்மோனியா ஒரு வாரத்துக்குள் மஞ்சளுக்குத் திரும்பியது, நைட்ரைட் லேசாக எட்டிப்பார்த்ததோடு சரி. ஒரு பிழி அழுக்கு இவ்வளவு செய்யும் என்று கண்ணால் பார்த்தபோது மனசுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

உயிருள்ள நைட்ரிஃபையிங் பாக்டீரியாவைக் குளிரில் பாதுகாத்து விற்றால் அது வேலை செய்யும். நம் வெயிலில், கடை முகப்பில் மாதக்கணக்காக நிற்கும் பாட்டிலை நம்ப என்னால் முடியவில்லை. கிடைத்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் அலசிவிடாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கரண்ட் போனாலும் ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆபத்து, ஆக்சிஜன் இல்லாமல் சாகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டம் முழுக்க நாள்கணக்கில் இருட்டாகக் கிடந்ததே, அதை நினைத்தால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

இனி திருவட்டார். கண்டிஷனர் பாட்டிலைப் பார்த்ததும் அக்காவின் மாமனார் கேட்டார்: "கெணத்துல மீனு கெடக்கே மக்களே, அதுக்கு யாரு மருந்து ஊத்துனா?" அவர் சொன்னது சரிதான். கிணற்று நீரில் குளோரின் சொட்டு நிறமே காட்டவில்லை. கிணறு இறைத்து பிளீச்சிங் பவுடர் போட்ட வாரம் மட்டும் விதிவிலக்கு.

ஆனால் அங்கே வேறொரு சிக்கல். செம்மண், சரளைக்கல் பூமியில் ஊறும் தண்ணீர் மென்மையானது, அமிலத்தன்மை உள்ளது. ஸ்பாஞ்ச் அழுக்கு விட்டும் அம்மோனியா பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. பி.எச். பார்த்தால் 6. அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் சக்தியை, செலவழிக்கும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கணக்கு. மென்னீரில் அது சீக்கிரம் தீர்ந்து, பி.எச். சரிந்து, பாக்டீரியா படுத்துவிடும். இந்தத் தொட்டிக்கு எத்தனை பாட்டில் பாக்டீரியா ஊற்றினாலும் வீண்.

தீர்ந்த காரத்தன்மையைத் திரும்பக் கொடுக்க, சுண்ணாம்புக்கு நீற்றுவார்களே, அந்தக் கிளிஞ்சல் ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, வலைப் பையில் கட்டி ஃபில்டர் அருகே போட்டோம். பவளத்துண்டு தேடிக் கடற்கரைக்குப் போக வேண்டாம், அதை எடுப்பது சட்டப்படி குற்றம். கிளிஞ்சல் போடும் முன்பே அதே கிணற்று நீரால் பாதித் தண்ணீரை மாற்றி அம்மோனியாவைக் குறைத்தோம். பி.எச். குறைவாக இருக்கும்போது அம்மோனியாவின் பெரும்பகுதி விஷமில்லாத அம்மோனியமாக இருக்கும். பி.எச். ஏறினால் விஷ வடிவம் கூடும்: 25 டிகிரியில் 7இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 8இல் ஐந்து சதவீதத்துக்கு மேல். மீன் உள்ள தொட்டியில் முதலில் தண்ணீர் மாற்றம், பிறகு கிளிஞ்சல் என்ற இந்த வரிசை மாறக்கூடாது. மெல்ல மெல்ல பி.எச். 7ஐத் தொட்டது, நின்றுபோன அம்மோனியாவும் இறங்கத் தொடங்கியது. இப்போது அங்கே கப்பிகள் குட்டி போட்டுவிட்டன.

அடுத்ததாகக் குளச்சல் பக்கம் ஒரு நண்பர் வீட்டு போர் தண்ணீரைப் பார்க்கப்போகிறேன். வாயில் வைத்தாலே உப்பு. உப்பை எடுக்கிற கண்டிஷனர் கிடையாது, எனவே தண்ணீரை மாற்றாமல் மீனை மாற்றலாம் என்று இருக்கிறோம். மோலி தாங்கும், கப்பியும் பழக்கினால் தாங்கும். அவர் ஆசைப்படும், மென்னீர் மீனான நியான் டெட்ராவுக்கு மழைநீர் பிடித்து வைத்தால்தான் உண்டு.