ஜாமீன் கிடைத்தும் உள்ளே

மாதம் இரண்டு சனிக்கிழமை கிளைச் சிறைக்குப் போவேன். இலவச சட்ட உதவிக் குழுவில் வக்கீலாகப் பெயர் கொடுத்ததிலிருந்து இது நடக்கிறது. உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன வழக்கு, வக்கீல் இருக்கிறாரா, வீட்டுக்குத் தகவல் போனதா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிக்கொண்டு வந்ததை மனுவாக்கித் திங்கட்கிழமை கோர்ட்டில் போட வேண்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, 26 வயதுப் பையன் ஒருவன் எதிரே வந்து நின்றான். வேறு மாவட்டத்துக்காரன், கட்டட வேலைக்கு வந்தவன். வேலை நடந்த இடத்தில் செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனதில் திருட்டு வழக்கு. பிடித்து 31 நாள் ஆகியிருந்தது. ஜாமீன் மனு போட்டாயா என்று கேட்டேன்.

"போட்டாங்க சார். கிடைக்கலன்னு அம்மா சொல்லுச்சு."

பக்கத்தில் நின்ற வார்டர் நல்ல மனிதர். பதிவேட்டைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். 12ஆவது நாளே ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவு. அந்த வரிதான் அவனைப் பிடித்து வைத்திருந்தது. அவனுடைய அம்மா இரண்டு முறை பஸ் ஏறி வந்திருக்கிறார். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, ஜாமீன் நிற்கக் கேட்கிற வீட்டு வரி ரசீது எங்கிருந்து வரும்? கோர்ட் வாசலில் யாரோ, நான்காயிரம் கொடுத்தால் ஜாமீன்தாரர் ஏற்பாடு செய்கிறேன் என்றாராம். அந்தப் பணம் இல்லாமல் ஊருக்குத் திரும்பியவர், மகனிடம் 'கிடைக்கல' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று யோசித்துப் பார்த்தேன். மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்துவிட்டார். சிறைக்காரர்கள் உத்தரவு வந்தால் விட்டுவிடுவார்கள். போலீஸ் அந்தக் கட்டத்தில் எதிர்க்கவே இல்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்திருந்தார்கள், அவன் மட்டும் உள்ளே இருந்தான்.

அரசியலமைப்பின் 21ஆவது பிரிவைச் சட்டக் கல்லூரியில் படித்தபோது, தனிமனித சுதந்திரம் என்றால் எனக்குப் பெரிய பெரிய வழக்குகள்தான் நினைவுக்கு வரும். 1950-ல் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசை எதிர்த்து நடத்திய தடுப்புக் காவல் வழக்கு, 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு, இந்த மாதிரி. வேலைக்கு வந்த பிறகு என் கண்ணில் படுகிற சுதந்திரம் வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ என்று ஆகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய தீர்ப்புகள் இல்லையென்றால் என் மனுவில் எழுத எனக்கு வரிகளே இருக்காது.

அந்தப் பையனுக்காக நான் எடுத்துவைத்த தீர்ப்பு 1978-ன் மோதி ராம் வழக்கு. அவரும் ஒரு கொத்தனார்தான். மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாஜிஸ்திரேட் அவரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணனோ தம்பியோ ஜாமீன் நிற்க முன்வந்தபோது, அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி ஏற்க மறுத்துவிட்டார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தக் காரணத்தைத் தள்ளி, ஜாமீன்தாரர் இல்லாமல், ஆயிரம் ரூபாய்க்கு அவரே எழுதிக் கொடுக்கும் சொந்தப் பிணையில் மோதி ராமை விடச் சொன்னார். கிருஷ்ணய்யர் 1957-ல் கேரள அமைச்சரவையில் சட்டம், உள்துறையோடு சிறைத் துறையையும் பார்த்தவர். அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம், சிறைக்குள் போய்ப் பார்த்த ஒருவர் எழுதியது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே உத்தரவு போட்டிருக்கிறது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணைப் பத்திரம் தரவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். இதற்கு மேல் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் அந்த ஏழாவது நாளில் யாராவது ஒருவர் உட்கார்ந்து தேதியை எண்ண வேண்டும். அந்த ஆள் இல்லை.

கம்பியைப் பறிகொடுத்த மேஸ்திரியையும் கோர்ட் வராந்தாவில் பார்த்தேன். பெரிய பணக்காரர் இல்லை, சப்-கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். அந்த வாரக் கூலியைக் கைக்காசிலிருந்து கொடுத்திருக்கிறார். "அவனை உள்ள வெச்சா என் கம்பி வந்துருமா சார்? கேஸை நடத்தி முடிக்கச் சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் விசாரணை முடியாதவர்கள். அவர்களுக்கு எதிரே இவரைப் போல எத்தனை பேர் தீர்ப்புக்காகக் காத்திருப்பார்கள் என்பதை நாங்கள் பேசுவதே இல்லை. அவனுக்கும் இவருக்கும் ஒரே இடத்தில்தான் நீதி தாமதமாகிறது.

அரசு ஒதுங்கி நின்றால் சுதந்திரம் தானாக வரும் என்று சில நண்பர்கள் வாதிடுவார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அந்தப் பையனைப் பிடித்ததும் அரசு, அவனுக்காகப் பேச எனக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசு. நெருக்கடி நிலை நடந்த 1976-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காவலில் வைக்கப்பட்டவர்கள் கோர்ட்டை நாட முடியாது என்று அந்த ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னது. மறுத்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும். அதே ஆண்டு நிறைவேறிய 42ஆவது திருத்தம் வேறு பல உரிமைகளை ஒடுக்கியது, ஆனால் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி என்ற 39ஏ பிரிவும் அதில்தான் வந்தது. என் வேலை அங்கிருந்து கிளைத்தது. அதனால் அரசு வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, பிடிக்கிற கைக்கு இருக்கிற வேகம் விடுகிற கைக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று 22ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறது. தவறினால் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, மனு என்ன ஆனது? திங்கட்கிழமை போட்டேன், புதன்கிழமை எடுத்தார்கள். மாஜிஸ்திரேட் மோதி ராமைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதை ஏன் முன்னாலேயே கொண்டு வரல?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னையும் சேர்த்துத்தான். முந்தைய சனிக்கிழமை ரவுண்டில் அவன் அந்த அறையில்தான் இருந்திருக்கிறான். கூட்டம் அதிகம் என்று வரிசையின் கடைசியில் இருந்தவர்களைப் பார்க்காமல் நான் கிளம்பிவிட்டேன். சொந்தப் பிணையில் விட உத்தரவானது.

நகலைக் கையில் வாங்கிக்கொண்டு நானே சிறைக்குப் போனேன். சாயங்காலம் கைதிகளை எண்ணி அடைப்பதற்குள் சேராவிட்டால் இன்னொரு இரவு. ஐந்தேகாலுக்கு அவன் வெளியே வந்தான். ஜாமீன் கிடைத்த பிறகு 23 நாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பிடிபட்ட அன்று போட்டிருந்த சட்டை. வாசலைத் தாண்டியும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட வரணுமா சார்?"

வர வேண்டும். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அந்த நேரத்துக்கு எந்த மேஸ்திரி வேலைக்குச் சேர்ப்பார்? இரண்டு வாரம் கழித்து அதற்கும் ஒரு மனு போட்டு, வாரம் ஒரு நாள் என்று மாற்றிக்கொண்டோம்.

இப்போது என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் ஜாமீன் கிடைத்த தேதி, மற்றதில் வெளியே வந்த தேதி. சிறைக்குப் போனதும் முதலில் பதிவேட்டைக் கேட்டு வாங்கி அதை நிரப்புகிறேன், வரிசையைக் கடைசியிலிருந்து கூப்பிடுகிறேன். போன சனிக்கிழமை இரண்டாவது கட்டம் காலியாக நான்கு பெயர் இருந்தது. ஒருவருக்கு அன்று ஒன்பதாவது நாள்.