தேன் விற்கும் தளத்துக்கு சைல்டு தீம் போட்ட அனுபவம்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பவர் என் அத்தான். அவருடைய தளம் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. முன்பு அதைச் செய்துகொடுத்தவர் எல்லா மாற்றங்களையும் தீமின் (தளத்துக்குத் தோற்றம் தரும் கோப்புத் தொகுப்பு) சொந்தக் கோப்புகளிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். தீமுக்கு அப்டேட் கொடுத்தால் அந்த ஃபோல்டர் அப்படியே புதிதாக மாறிவிடும், எழுதியதெல்லாம் போய்விடும். கொடுக்காமல் விட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. மாசி பங்குனியில் ரப்பர் தேன் வந்து ஆர்டர் குவியத் தொடங்குவதற்குள் இதற்கு ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. அந்த வழிதான் சைல்டு தீம்: மூலத் தீமைத் தாயாக வைத்துக்கொண்டு, நம் மாற்றங்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்திருக்கும் பிள்ளைத் தீம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறம், எழுத்தின் அளவு மட்டும் மாற்றுகிறவர்களுக்கு சைல்டு தீம் தேவையே இல்லை. வேர்ட்பிரஸ்ஸில் தோற்றத்தை மாற்றும் பகுதியான கஸ்டமைசரில் உள்ள 'அடிஷனல் சிஎஸ்எஸ்' பெட்டி போதும் (சிஎஸ்எஸ் என்பது நிறம், அளவு போன்றவற்றைச் சொல்லும் குறியீடு). பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட் கோப்பில் கை வைக்கும்போதுதான் இது வேண்டும்.

முன்னவர் எதையெல்லாம் மாற்றியிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. தளத்தில் இருந்த அதே பதிப்பை, புதியதை அல்ல, வேர்ட்பிரஸ் களஞ்சியத்திலிருந்து இறக்கி, இரண்டு ஃபோல்டர்களையும் கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் வின்மெர்ஜ் மென்பொருளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்டைல்.சிஎஸ்எஸ்-இல் கொஞ்சம், தீமின் செயல்பாடுகளை எழுதும் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி-யில் சில வரிகள், பக்கத்தின் அடிப்பகுதிக்கான ஃபுட்டர்.பிஎச்பி-யில் வாட்ஸ்அப் பொத்தான். அவ்வளவுதான்.

சைல்டு தீம் உருவாக்குவது சின்ன வேலை. டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் தீம்ஸ் ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபோல்டர், அதில் ஒரு ஸ்டைல்.சிஎஸ்எஸ். அதன் தலைப்பில் 'தீம் நேம்', 'டெம்ப்ளேட்' என்று இரண்டு வரிகள் கட்டாயம். டெம்ப்ளேட் வரியில் வர வேண்டியது தாய்த் தீமின் அழகான பெயர் அல்ல, அது இருக்கும் ஃபோல்டரின் பெயர். லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் ஒத்துக்கொள்ளாது. பொருந்தவில்லை என்றால் தாய்த் தீம் காணவில்லை என்று சொல்லி, தீம்கள் பக்கத்தின் அடியில் 'உடைந்தவை' பட்டியலில் தள்ளிவிடும்.

அடுத்து ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி. பல பழைய கட்டுரைகள் தாயின் சிஎஸ்எஸ்ஸை 'இம்போர்ட்' வரி போட்டு இழுக்கச் சொல்கின்றன. அது பக்கத்தை மெதுவாக்கும், இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. என்க்யூ செய்வதுதான், அதாவது இந்தக் கோப்பை ஏற்று என்று ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி வழியாக வேர்ட்பிரஸ்ஸிடம் பதிவு செய்வதுதான், முறை. ஆனால் எதை என்க்யூ செய்வது என்பது தாய்த் தீம் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பொறுத்தது. சில தீம்கள் தம் சிஎஸ்எஸ்ஸைத் தாமே ஏற்றிக்கொள்ளும். அங்கே நாமும் ஏற்றினால் ஒரே கோப்பு இரண்டு முறை வரும். பிரவுசரின் இன்ஸ்பெக்ட்டில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் தெரிந்துவிடும். இந்தத் தீம் அந்த வகை. அதனால் பிள்ளையின் கோப்பை மட்டும் சேர்த்தேன்.

இன்னொன்று: டெம்ப்ளேட் கோப்பு என்றால் பிள்ளையில் இருப்பது தாயுடையதை மறைத்துவிடும். ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி அப்படியல்ல, பிள்ளையுடையது முதலிலும் தாயுடையது பிறகுமாக இரண்டும் ஓடும். ஆகவே தாயின் கோப்பை முழுசாகக் காப்பியடித்துப் போட்டால் ஒரே ஃபங்ஷன் இரண்டு தடவை வந்து தளம் படுத்துவிடும். மாற்றிய வரிகளை மட்டும்தான் எடுத்துப் போட வேண்டும்.

ஆக்டிவேட் செய்யும் முன் லைவ் ப்ரிவியூவில் பார்த்தேன். மெனு வந்திருந்தது. லோகோ இல்லை, நிறங்கள் இல்லை, அடிஷனல் சிஎஸ்எஸ்ஸும் காலி. பயப்பட ஒன்றுமில்லை. இந்த மாதிரி கஸ்டமைசர் அமைப்புகளை வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தீமின் பெயரிலும் தனித்தனியாகத்தான் சேமிக்கிறது. பழையது டேட்டாபேஸில் அப்படியே கிடக்கும். அதை எக்ஸ்போர்ட் செய்து இங்கே ஏற்றப் பிளகின்கள் உண்டு. அத்தானின் தளத்தில் இருந்தது கொஞ்சம்தான் என்பதால் கையாலேயே மறுபடி கொடுத்துவிட்டேன்.

அத்தானைப் போனில் பார்க்கச் சொன்னேன். "மக்கா, தேனீக்குத் தலை வெட்டிக் கிடக்கே" என்றார். முகப்புத் தலைப்பில் 'தேனீ' என்ற சொல்லின் ஈகாரச் சுழி மேலே பாதி அறுந்திருந்தது. ஆங்கிலத்துக்காக எழுதிய தீம்களில் தலைப்பின் லைன்-ஹைட்டை (வரியின் உயரம்) ஒன்று என்று இறுக்கி வைத்திருப்பார்கள். தமிழின் மேல்சுழிகளுக்கு அது பற்றாது. பிள்ளையின் சிஎஸ்எஸ்ஸில் 1.5 ஆக்கினேன். திருத்தியும் அவர் போனில் பழையதே தெரிந்தது. அது கேஷ், பிரவுசர் முன்பே சேமித்துவைத்த நகல். ஸ்டைல்.சிஎஸ்எஸ் தலைப்பில் உள்ள வெர்ஷன் எண்ணை என்க்யூ வரியோடு இணைத்துவிட்டால், எண்ணைக் கூட்டும்போதெல்லாம் பிரவுசர் புதுக் கோப்பைக் கேட்டு வாங்கும்.

அப்புறம் பேக்கப் எடுத்துவிட்டுத் தாய்த் தீமுக்கு அப்டேட் கொடுத்தேன். எதுவும் அசையவில்லை. ஆனால் பிள்ளையில் இருக்கும் ஃபுட்டர்.பிஎச்பி பழைய பதிப்பின் நகல். தாயின் ஃபுட்டரில் எதையாவது திருத்தினால் நம்முடையதற்கு அது தானாக வராது. அதனால் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் அந்த ஒரு கோப்பை மட்டும் வின்மெர்ஜில் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.